நூல் உருவிய தூக்கணாங்குருவி

ஒரு காட்டுக் குளக்கரையில் தூக்கணாங்குருவி ஒன்று பாதிக் கூடு கட்டிவிட்டுப் பெட்டைக்குருவிக்காகக் காத்திருந்தது. பெட்டை வந்து பார்த்துப் பிடித்தால்தான் மீதிக் கூட்டைக் கட்டுவது அந்தக் குருவிகளின் வழக்கம். அதுவும் புல் பச்சையாக இருக்க வேண்டும். காய்ந்த கூட்டைப் பெட்டை ஏறெடுத்தும் பார்க்காது.

பக்கத்தில் ஒரு தேக்கங்கன்று. அதன் தாழ்ந்த இலைகளைத் தையல்சிட்டு ஒன்று எருக்கம் பஞ்சு நூலால் கூடாரமாகத் தைத்திருந்தது. அலகால் குத்திய துளைகள் வழியே வெளிச்சம் உள்ளே கோலப்புள்ளிகளாக விழும். மனசு சரியில்லாதவர்கள் வந்து சும்மா உட்கார்ந்திருப்பார்கள். யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. குட்டியைப் பருந்துக்குப் பறிகொடுத்த முயல் தினமும் வந்தது.

தூக்கணாங்குருவிக்கு வயிறு எரிந்தது. ஊரே வியக்கும் நெசவுக்காரன் ஆயிற்றே, எரியாதா பின்னே!

"நாலு மழைக்குத் தாங்குமா இது? வெறும் இலை! இதுக்குப் போய் இவ்வளவு கூட்டமா!"

"தாங்க வேண்டாம் அண்ணே! இலை உதிர்ற வரைக்கும் இருந்தா போதும்," என்றது தையல்சிட்டு.

குருவி முயலைத் தன் மரத்தடிக்கு அழைத்தது. "மேலே என் கூட்டைப் பாரு! எத்தனை முடிச்சு! எப்படி இருக்கு? சொல்லு!"

"நல்லாத்தான் இருக்கு அண்ணே. ஆனா நிம்மதியா அழக்கூட விடமாட்டேங்கிறீங்களே!" என்று முயல் கூடாரத்துக்கே திரும்பிவிட்டது.

அன்றிலிருந்து குருவி தன் கூட்டையே மறந்தது. சிட்டு இரை தேடப் போகும்போதெல்லாம் ஒவ்வொரு நூலாக உருவியது. காற்றின் வேலை என்று நினைத்துச் சிட்டு மறுபடி தைத்தது. குருவி மறுபடி உருவியது. கடைசியில் சலித்துப்போய்ச் சிட்டு வேறு மரம் தேடிப் போய்விட்டது. மிச்ச நூலையும் குருவி உருவ, கூடாரம் பிரிந்தது.

"ஒழிஞ்சுது!" என்று குருவி துள்ளிக்கொண்டு வீடு திரும்பியது.

கிளையில் பெட்டைக்குருவி உட்கார்ந்திருந்தது. கூடு பழுப்பேறிக் கிடந்தது.

"ஐயே! வைக்கோல் மாதிரி இருக்கே! இதுலயா நான் முட்டை வைப்பேன்?" என்று அடுத்த மரத்துப் பச்சைக் கூட்டுக்குப் பறந்துவிட்டது.

குருவிக்கு அந்தப் பருவமே போயிற்று. யாரும் எதுவும் கேட்காத இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும்போல் இருந்தது. தன்னை அறியாமல் தேக்கங்கன்றுக்குப் பறந்தது.

இலைகள் தனித்தனியாகத் தொங்கின. முயல் வெயிலில் உட்கார்ந்திருந்தது.

"உங்களுக்கும் மனசு சரியில்லையா அண்ணே?" என்றது முயல். பிறகு குருவியின் அலகையே பார்த்தது. எருக்கம் பஞ்சு இன்னும் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

பொறாமையால் பிறர் நிழலைப் பிரிப்பவன், தனக்கு நிழல் வேண்டும் நாளில் வெயிலில்தான் நிற்பான்.