சந்தேகச் சட்டமும் சவரக் கத்தியும்

மணலூர் அரண்மனைக்கு எதிரி நாட்டான் ஒருவன் தீ வைத்துவிட்டான். குதிரை லாயம் பாதி போயிற்று. ராஜா இளவழுதி ஆடிப்போய் அன்றைக்கே ஒரு சட்டம் போட்டார். அரசர் அருகே ஆயுதத்தோடு இருப்பவன்மேல் தளபதிக்கோ அமைச்சருக்கோ சந்தேகம் வந்தால் போதும், ஒரு வருஷம் சிறை. விசாரணை கிடையாது.

அமைச்சர் ஏகம்பனாரும் சரியென்று தலையாட்டினார். தீயைப் பார்த்த பயம் அவருக்கும் இருந்தது.

சட்டத்தில் முதலில் மாட்டியது யார் தெரியுமா? அரண்மனை நாவிதன் பேச்சிமுத்து! தளபதி செங்கோடனாரின் மீசையில் பாதி மை என்று வாய் தவறிச் சொல்லிவிட்டான், பாவம். மறுநாளே தளபதிக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

பேச்சிமுத்துவின் மனைவி ஏகம்பனார் வாசலில் வந்து நின்றாள். "இருபது வருஷமா ராஜா கழுத்துல கத்தி வெச்ச மனுசன் சாமி. ஒரு கீறல் உண்டா? கைப்புள்ளைய வெச்சிக்கிட்டு நான் என்ன செய்வேன்?"

ஏகம்பனாருக்கு வெட்கமாகிவிட்டது. ஆடியது அவர் தலையும்தானே.

பேச்சிமுத்து சிறைக்குப் போன பத்து நாளில் ராஜாவுக்குத் தாடி மண்டிவிட்டது. கத்தியோடு அரண்மனைப் பக்கம் வர எந்த நாவிதனுக்குப் பைத்தியம்?

"நம் தளபதி இருக்கிறாரே, மன்னா," என்றார் ஏகம்பனார். "அவர்மேல் யாருக்குச் சந்தேகம் வரும்?"

தளபதி திருதிருவென்று விழித்தார். ராஜாவிடம் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? தாடியை நனைத்தார். கன்னத்தில் பாதியை ஒருவழியாக மழித்தார். கத்தி தொண்டைக்கு வந்தது.

"மன்னா, எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது," என்றார் ஏகம்பனார்.

கத்தி கீழே விழுந்தது. "நான் சவரம் செய்யத்தானே வந்தேன்!"

"பேச்சிமுத்துவும் அதைத்தான் சொன்னான்."

"விசாரித்துப் பாருங்கள் ஐயா, உண்மை தெரியும்."

"விசாரணைதான் கிடையாதே. அடுத்த வருஷம் பார்ப்போம்."

ராஜாவுக்கு உறைத்தது. பேச்சிமுத்துவை விடுவிக்க ஆளனுப்பினார். ஆனாலும் மனசு ஆறவில்லை.

"ஏகம்பனாரே, நிஜமாகவே எதிரி வந்தால் விசாரித்துக்கொண்டா நிற்பது?"

"உடனே பிடியுங்கள் மன்னா. பிடித்த பிறகு விசாரியுங்கள். பூட்டிய அறைக்குள் இருப்பவன் எங்கே ஓடப் போகிறான்?"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். சட்டத்தைத் திருத்தி, தம் பட்டுச் சால்வையை ஏகம்பனாருக்குப் போர்த்தினார்.

புதிய சட்டப்படி முதல் விசாரணை, பூட்டிய அறைக்குள் போன தளபதிக்குத்தான். ஏகம்பனாரே விசாரித்தார், மிக மிக நிதானமாக. செங்கோடனார் குற்றமற்றவர் என்று கண்டுபிடிக்க அவருக்குச் சரியாகப் பத்து நாள் பிடித்தது.