தட்டில் எழுந்த பெயர்

பொற்கொடி என்று ஓர் ஆராய்ச்சி மாணவி இருந்தாள். பாக்டீரியா சர்க்கரையைச் செரிக்க உதவும் மரபணுவின் சுவிட்சை எடுத்து, ஒளி தரும் மரபணுவோடு படாதபாடு பட்டு இணைத்தாள். அரபினோஸ் என்ற சர்க்கரை கிடைத்த இடத்தில் மட்டும் அவளுடைய பாக்டீரியா இருட்டில் மினுங்கும்.

ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் சடகோபன் அதைத் தன் படைப்பென்று சொல்லிக்கொள்ள ஆசைப்பட்டார்.

"உன் பேர் எங்கேயும் வரக்கூடாது. நாளைக்கு விருந்தினர் முன்னாடி நான் கேள்வி கேட்டா அது ஒளியெழுத்துல பதில் சொல்லணும். இல்லேன்னா உனக்குப் பட்டம் கிடையாது."

"கேளுங்க சார், சொல்லும்," என்றாள் பொற்கொடி.

அன்று மாலை, பாக்டீரியா பரப்பிய கண்ணாடித் தட்டில் அந்தச் சர்க்கரைக் கரைசலைத் தூரிகையால் தொட்டு எழுதினாள். வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் அரங்கில் விளக்கை அணைத்தார்கள். சடகோபன் தட்டின்மேல் குனிந்து கணீரென்று கேட்டார்: "சொல், உன்னைப் படைத்தது யார்?"

கண் இருட்டுக்குப் பழகப் பழக, தட்டில் நீலப்பச்சை வெளிச்சம் எழுத்தெழுத்தாகக் கசிந்தது. அந்த ஒளியில் அவர் முகம் பிணம்போல் வெளிறித் தெரிந்தது. முன்வரிசையில் யாரோ எழுத்துக்கூட்டி வாசித்தார்: "பொற்... கொடி."

"லைட்டைப் போடுங்க!" என்று அலறினார் சடகோபன்.

"வேண்டாம்," என்றார் தலைமை விருந்தினர். "யாரம்மா பொற்கொடி?"

அவள் எழுந்து அந்த இருட்டிலேயே மேடைக்கு நடந்தாள். காலடி நெருங்க நெருங்க, சடகோபன் தட்டைவிட்டு விலகி வழிவிட்டார்.