கடைசி நான்கு நிமிடம்

மாணவருக்கு நாற்பத்தெட்டு வயது. ஆசிரியைக்கு முப்பத்தொன்று.

மாணவர் மாசிலாமணி தூத்துக்குடியில் ஒரு ஐஸ் பேக்டரியில் இரவு வேலை பார்த்தார். நிதியியலில் இரண்டு வருடப் பட்டயப் படிப்பு, ஆன்லைனில். பாடமெல்லாம் முன்பே பதிவு செய்த வீடியோக்கள். மெர்லின் டீச்சரை அவர் போனில்தான் பார்த்திருக்கிறார்.

ஒரு நாள் காலையில் ஷிப்ட் முடிந்த கையோடு பஸ் ஏறி, திருநெல்வேலியில் உள்ள கல்வி மையத்துக்கு வந்து நின்றார். சட்டைக் கை இன்னும் ஈரமாக இருந்தது.

“டீச்சர், நான் மாசிலாமணி. ஒண்ணு கேக்கணும்.”

“உக்காருங்க அண்ணாச்சி. உங்களை ஆள் விட்டுத் தேடணும்னு இருந்தேன். எல்லாப் பேப்பரும் பாஸ், கடைசி ஒண்ணுதான் பாக்கி. இன்னைக்குப் பரீட்சைக்குப் பதியலைன்னா பேரையே எடுத்துருவாங்க, தெரியுமா?”

“தெரியும்.”

“கடைசிப் பாடத்தைப் பாத்து முடிச்சாத்தானே பதியவே முடியும்? எட்டு மாசமா நாலு நிமிஷம் பாக்கி நிக்குது. நெட் இல்லையா?”

“இருக்கு.”

“தூங்கிட்டீங்களா? என் வகுப்புல அது சகஜம்தான்.”

“உங்க வகுப்புல நான் தூங்கினதே இல்ல டீச்சர்.”

“பின்ன?”

மாசிலாமணி ஈரமான சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

“நடுநடுவுல ‘புரிஞ்சுதா?’ன்னு கேட்டுட்டுக் கொஞ்சம் நிறுத்துவீங்க. ‘புரிஞ்சுது டீச்சர்’னு நான் சத்தமாச் சொல்லுவேன். புரியலைன்னா அதையும் சொல்லுவேன். மெஷின் சத்தத்துல யாருக்கும் கேக்காது.”

மெர்லின் சிரிக்கவில்லை.

“என்கிட்ட அப்படிக் கேக்க வேற ஆள் கிடையாது. படிப்பு முடிஞ்சா பாடத்தை எல்லாம் மூடிருவாங்களாமே. முடிச்சவங்க அதுக்கப்புறம் என்ன செய்வாங்க? அதைக் கேக்கத்தான் வந்தேன்.”

அவள் கம்ப்யூட்டரில் கடைசிப் பாடத்தைத் திறந்து, அவர் நிறுத்தியிருந்த இடத்துக்குக் கொண்டுவந்தாள். திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

திரையில் அவளே நின்றாள். கொஞ்சம் இளைத்த முகம், நீளமான முடி. ஏதோ சொல்ல வாய் பாதி திறந்திருந்தது.

“நல்லாவா இருக்கேன்?” என்றாள் மெர்லின்.

“பாதியில நிறுத்தினா எல்லாருமே அப்படித்தான் இருப்பாங்க டீச்சர்.”

அவள் மவுஸை அவர் கைப்பக்கம் நகர்த்தி வைத்தாள்.

“இவ உங்ககிட்ட ஒண்ணு கேக்க வாயைத் திறந்தா. எட்டு மாசமா அப்படியே நிக்கிறா, அண்ணாச்சி.”