மாமியாருக்கு நீட்டிய சுவிட்ச்

கோவைப் பக்கம் மிக்ஸி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஒரு குரு இருந்தார். ஆசிரமமும் இல்லை, தாடியும் இல்லை. பெயர் சுடர்க்கொடி. ஆட்கள் கையால் பொருத்தும் வேலையை எப்படி அமைப்பது என்பதில் மகா கெட்டிக்காரி. சீடர் கனகசபாபதி அவரைவிட வயதில் மூத்தவர், மகளுக்குக் கல்யாணம் வைத்திருப்பவர். ஸ்டாப்வாட்ச் இல்லாமல் சாப்பிடக்கூட உட்கார மாட்டார்.

கனகசபாபதி புதிதாக ஒரு வரிசை அமைத்திருந்தார். பெண்கள் நீள மேசையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து மிக்ஸி சுவிட்சைப் பொருத்த வேண்டும். வலது கையில் ஸ்க்ரூடிரைவர். முடித்ததும் இடது கையால் இடப்பக்கம் இருப்பவருக்கு நீட்ட வேண்டும். காகிதத்தில் பிரமாதமாக இருந்தது.

மேசையில் ஓடவில்லை. கோகிலவாணியிடம் வந்து வேலை தேங்கியது.

"சாயங்காலத்துக்குள்ள சரியாகலைன்னா அந்தப் பொண்ணை நிறுத்திருங்க" என்றார் மேனேஜர்.

கனகசபாபதிக்கு மனசு கேட்கவில்லை. குருவிடம் ஓடினார்.

"மேடம், அந்தப் பொண்ணு வேலையில கெட்டிக்காரிங்க. ஆனா முடிச்சதும் ஸ்க்ரூடிரைவரைக் கீழ வெக்கறா, சுவிட்சை வலது கைக்கு மாத்தறா, உடம்பையே திருப்பி நீட்டறா. அத்தனையும் வீண் அசைவு. சொன்னாக் கேக்கறதில்லைங்க."

"அவளுக்கு இடப்பக்கம் யாரு?"

"பழனாத்தாங்க. அவ மாமியார்."

சுடர்க்கொடி சிரித்துவிட்டார்.

"இடத்தை மாத்திப் பார்த்தீங்களா?"

"பார்த்தேங்க. அங்க போனா பக்கத்துல பெரியம்மா. வரிசையே ஒரே ஊருங்க."

ஆயுத பூஜை முடிந்து வேலை தொடங்கிய நாள் அது. குருவின் மேசையில் பிரசாதப் பொட்டலங்கள் இருந்தன. வலது கையால் எழுதிக்கொண்டே, இடது கையால் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"பிரசாதம், வாங்கிக்கங்கண்ணா."

கனகசபாபதியின் கை பாதி வழியில் நின்றது.

"ஏண்ணா?"

"இடது கையிலங்க..."

"வலது கையில பேனா இருக்குதே. மாத்தினா வீண் அசைவு."

குரு பொட்டலத்தை மேசை மேல் வைத்துவிட்டு எழுத ஆரம்பித்தார். சீடர் பொட்டலத்தைப் பார்த்தார். அது இருந்த மேசையைப் பார்த்தார். சட்டென்று எடுத்துப் பொரியை வாயில் கொட்டிக்கொண்டு கிளம்பினார். போகிற அவசரத்தில் ஸ்டாப்வாட்சை மறந்தே போனார்.

வரிசை மேசை முழுக்க உதிரிபாகத் தட்டுகள். ஒரு சுவிட்ச் வைக்கக்கூட இடமில்லை. கனகசபாபதி தச்சரைக் கூட்டிவந்து, ஒவ்வொரு இரண்டு பேருக்கும் நடுவில் தட்டுகளுக்கு மேலே ஒரு சின்னப் பலகை அடிக்க வைத்தார்.

கோகிலவாணி இடது கையால் பலகையில் வைத்தாள். பழனாத்தாள் எடுத்துக்கொண்டாள். அடுத்தது வந்தது. அதற்கடுத்ததும் வந்தது.

"அம்மிணி, கொஞ்சம் பொறுத்து வையி. மாமியா மூச்சு உட வேண்டாமா?"

"நீங்க மெதுவா எடுங்கத்தே. பலகையில அது பாட்டுக்கு இருக்கும்."

வரிசையே சிரித்தது. மேனேஜர் வந்து பார்த்தார். கோகிலவாணியை நிறுத்தும் பேச்சையே எடுக்காமல் போனார். கனகசபாபதிக்கு அங்கேயே ஒரு ஆட்டம் போடலாம் போலிருந்தது.

சாயங்காலம் ஸ்டாப்வாட்சை எடுக்க வந்தவர், மகளின் கல்யாணப் பத்திரிகையையும் கொண்டுவந்தார். குரு எழுதிக்கொண்டிருந்தார். சீடர் காலையில் படித்த பாடத்தை மறக்காதவர். பத்திரிகையை மேசை மேல் வைத்தார்.

"இங்க வெச்சிருக்கறனுங்க. எழுதி முடிச்சுட்டு எடுத்துக்கங்க. குடும்பத்தோட வரணும்."

சுடர்க்கொடி பேனாவை மூடி வைத்தார். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். பத்திரிகையை எடுத்து அவர் கையிலேயே திரும்பக் கொடுத்தார். பிறகு இரண்டு கைகளையும் நீட்டினார்.

"என்னங்க மேடம் இது? எத்தனை வீண் அசைவு!"

"பலகை சுவிட்சுக்குங்கண்ணா. பத்திரிகையைக் கையில குடுங்க."