கழுவாத உரல்

ஜெபமணி உரலைக் கழுவவில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவருக்கு நடந்த அநியாயம் அதுதான். கேட்க அற்பமாகத்தான் இருக்கும். கேட்டுவிட்டுச் சும்மா போக இசக்கியால் முடியவில்லை.

அப்போது ஜெபமணி ஆராய்ச்சி மாணவி. தங்கத்தை வேறு மூலக்கூறுகளோடு சேர்த்து, இருட்டில் புற ஊதா விளக்கைக் காட்டினால் ஒளிரும் பொடிகளைச் செய்துகொண்டிருந்தார். அன்று செய்த வெள்ளைப் பொடி விளக்குக்கு அடியில் நீலமாக ஒளிர்ந்தது. வேறொரு சோதனைக்காக அதில் பாதியை எடுத்து, உள்ளங்கை அகலக் கல் உரலில் போட்டு அரைத்தார். அரைக்க அரைக்க நீலம் போய் மஞ்சளாகிவிட்டது. ஓடிப்போய்த் தன் கைடு வைத்திலிங்கம் சாரிடம் காட்டினார்.

சார் எட்டிப் பார்த்தார். “அழுக்கு” என்றார்.

அத்தோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. மறுநாள் மாணவர்கள் எல்லோரும் கூடியிருந்த கூட்டத்தில், வீட்டில் அம்மியைக் கழுவாமல்தான் மிளகாய் அரைப்பாயா அம்மா, முதலில் உரலைக் கழுவப் படி, அந்தப் பொடியைக் குப்பையில் போடு என்றார். அறையே சிரித்தது. அந்த அறையில் வேறு பெண் கிடையாது.

பல வருஷம் கழித்து எங்கோ ஒரு தேசத்து ஆய்வுக்கூடம் இதே சங்கதியை எழுதிப் பேர் வாங்கியது. அது அழுக்கே இல்லை. அரைபடும்போது தங்க அணுக்கள் இடம் நகர்ந்து ஒன்றையொன்று நெருங்குகின்றன. அந்த நெருக்கத்தில் ஒளியின் நிறம் மாறுகிறது. வெளியிலிருந்து ஒரு தூசிகூட வந்து சேர வேண்டியதில்லை.

இதையெல்லாம் இசக்கிக்குச் சொன்னது ஜெபமணி மேடமேதான். அதுவும் சிரித்துச் சிரித்துச் சொன்னார், யாரோ பக்கத்து வீட்டுக்காரிக்கு நடந்த மாதிரி. இசக்கி அவருடைய கடைசி மாணவி. மேடம் ஓய்வு பெறும் மாதம் அது. அலமாரிகளை ஒழிக்கும் வேலை நடந்தது. எதைக் கையில் எடுத்தாலும் அதற்கொரு பழைய கதை வந்தது. கரண்ட் போனால் அடுத்த அறைக்காரர்கள் திட்டுவார்களாம், ஜெபமணி மட்டும் திரைச்சீலை இல்லாமலே இருட்டு கிடைத்ததென்று பேட்டரி விளக்கோடு குதித்து எழுவாராம். வெள்ளி உப்பு பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துக் கிடந்த காலத்தில்தான் பெண் பார்க்க வந்தார்களாம். மாப்பிள்ளையின் அம்மா விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பொண்ணுக்குக் கத்தரிக்காய் நறுக்கத் தெரியும்போல என்று சந்தோஷப்பட்டாளாம். கல்யாணம் அப்படித்தான் முடிவானதாம்.

சொல்லும்போது மேடத்தின் முகம் அந்தப் பொடிகளைப் போலத்தான் இருந்தது. பகலில் வெறும் வெள்ளை. பழையதைப் பேசினால் ஒரு வெளிச்சம்.

மேடத்தின் ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது ‘அழுக்கு’ என்ற சொல்லை வாய்விட்டுச் சொன்னால் எல்லோருக்கும் உளுந்த வடை வாங்கித் தர வேண்டும். வந்த புதிதில் இசக்கி இதை விளையாட்டு என்று நினைத்தாள். போன திங்கட்கிழமைகூட அவள் வாங்கித் தந்தாள். அவள் ஆராய்ச்சி தங்கத்தில் இல்லை, வெள்ளி உலோகத்தில். பச்சையாக ஒளிர வேண்டிய பொடி ஆரஞ்சாக ஒளிர்ந்து தொலைத்தது. மூன்றாவது தடவையும் அப்படியே. “அழுக்கு மேம், சனியன்” என்று குப்பியைக் கழிவுத் தொட்டியில் வீசிவிட்டு, கேட்பதற்கு முன்னாலேயே வடை வாங்கக் கிளம்பினாள்.

உரல் கதையைக் கேட்டபிறகு வடை அவளுக்கு இறங்கவில்லை. பணி நிறைவு விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் யார் என்று தெரிந்தபோது அறவே இறங்கவில்லை. வைத்திலிங்கம் சார்.

“அவரை எதுக்கு மேம் கூப்பிட்டாங்க?”

“எனக்கு அவர்தானேட்டி கைடு.”

“நீங்க ஏன் அன்னைக்குச் சண்டை போடல?”

“அந்த உரலைக் கழுவி வை.”

எத்தனை முறை கேட்டாலும் பதில் அந்த உரல்தான். இசக்கி கழுவினாள். கழுவிக்கொண்டே வாதாடினாள். பெண் என்பதால்தானே அம்மியை இழுத்தார், ஒரு ஆண் கொண்டுபோய்க் காட்டியிருந்தால் இன்னொரு தடவை செய்துபார் என்று சொல்லியிருப்பார் இல்லையா, நீங்கள் வாயை மூடிக்கொண்டிருந்ததால்தானே அந்தப் பெருமை தேசம் தாண்டிப் போயிற்று, உங்களுக்குத் தெரிந்த உண்மையை நீங்களே அமுக்கினால் உங்களை நம்பி வந்த நாங்கள் யாரைப் பார்த்துப் படிப்பது. மேடம் எல்லாவற்றையும் கேட்டார். தப்பு என்று எதையும் சொல்லவில்லை. அதுதான் இசக்கிக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

கடைசியில் அவள் சொல்லிவிட்டாள். விழாவில் மாணவர் சார்பாகப் பேசப்போவது அவள். அந்த மேடையில், அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, உரல் கதையைச் சொல்லப்போகிறாள். அவளுடைய ஆய்வேட்டைத் திருத்தப்போகிறவர்களில் இரண்டு பேர் வைத்திலிங்கம் சாரின் மாணவர்கள் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “விழா மூணு மணிக்கு. சார் ரெண்டு மணிக்கே லேப் பாக்க வாராராம். நீயும் இரு. அதுக்கப்புறம் உனக்கு என்ன தோணுதோ பேசு.”

வைத்திலிங்கம் சார் கைத்தடியோடு வந்தார். இசக்கி மனதில் வைத்திருந்த மனிதர் இன்னும் உயரமாக, இன்னும் கெட்டவராக இருந்தார். வந்தவர் வாசலிலேயே செருப்பைக் கழற்றப் போனார், கண்ணாடித் துண்டு இருக்கும் சார், போட்டுக்கொண்டே வாருங்கள் என்று மேடம் தடுத்தார். அவர் மேசையைத் தடவினார். இதே மேசைதானா என்றார். எரிவாயுக் குழாய் கசிந்து எல்லோரும் வேப்பமரத்தடிக்கு ஓடிய நாளை இரண்டு பேரும் மாறி மாறிச் சொல்லிச் சிரித்தார்கள். இசக்கி சிரிக்கவில்லை. சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

மேடம் அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இறக்கினார். உள்ளே சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள். பழுத்துப்போன துண்டுத் தாள் ஒட்டிய ஒன்றில் வெள்ளைப் பொடி. மேடம் அந்தக் குப்பியையும் கல் உரலையும் சாருக்கு முன்னால் வைத்தார்.

“சார், உரலை நீங்களே கழுவுங்க.”

வைத்திலிங்கம் சார் மேடத்தைப் பார்த்தார். பிறகு கைத்தடியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு கழுவும் தொட்டிக்குப் போனார். நன்றாகக் கழுவினார். தண்ணீரில் கழுவி, அசிட்டோனில் அலசி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, திருப்தியில்லாமல் மறுபடி அலசினார். தெரிந்தவர் கழுவுகிற கழுவல். உரல் காயும்வரை காத்திருந்தார்கள்.

மேடம் குப்பியிலிருந்த பொடியை உரலில் கொட்டிவிட்டுத் திரையை இழுத்து மூடினார். புற ஊதா விளக்கைப் போட்டார். உரலுக்குள் பொடி நீலமாகக் கிடந்தது.

“அரைங்க சார்.”

அவர் அரைத்தார். குழவி போன பக்கமெல்லாம் மஞ்சள் ஒரு கோடாகக் கிளம்பியது. கோடு அகன்றது. நீலம் ஓரத்துக்கு ஒதுங்கி, பிறகு ஓரத்திலும் இல்லாமல் போயிற்று. உரல் முழுக்க மஞ்சள். அவருடைய நகங்களில்கூட அந்த வெளிச்சம்.

குழவி நின்றது. அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது என்று இசக்கிக்குப் புரிந்தது. இந்த நிமிஷத்துக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தாள். அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று நினைத்திருந்தாள். இப்போது பார்க்க முடியாமல் தலையைத் திருப்பினாள்.

திரும்பிய கண்ணில் பிஸ்கட் டின் பட்டது. பழைய குப்பிகளுக்கு நடுவே புதிதாக ஒன்று இருந்தது. வெளிச்சம் படாமல் அலுமினியத் தாள் சுற்றியிருந்தது, வெள்ளிக்குச் சுற்றுகிற மாதிரி. மேலே ஒட்டியிருந்த துண்டுத் தாளில் இருந்த கோணல் எழுத்து அவளுடையதுதான். திங்கட்கிழமை அவள் வீசிய குப்பி.

வைத்திலிங்கம் சார் உரலிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

“அன்னைக்கு நான் அம்மியைப் பத்திப் பேசினேன் இல்லையா?”

“பேசினீங்க சார்.”

“எல்லாரும் சிரிச்சாங்க.”

“ஆமா சார்.”

அவர் குழவியை உரலின் விளிம்பில் மெதுவாகச் சாய்த்து வைத்தார். அடுத்து அவர் கேட்டது, இசக்கி இத்தனை நாள் கேட்காமலே விடை தெரிந்ததாக நினைத்திருந்த ஒன்று.

“இது அழுக்கு இல்லைன்னு உனக்கு அப்பவே தெரியுமாம்மா?”

ஜெபமணி மேடம் அந்த மஞ்சளைப் பார்த்தபடியே சொன்னார்:

“தெரியாது சார். தூக்கிப் போடல, அவ்வளவுதான்.”