கரஸ்பாண்டன்ட்டுக்குத் தெரியாத ஒண்ணு

எங்க பக்கத்து ஊர் டீச்சர் ட்ரெய்னிங் ஸ்கூலுக்குத் தணிகாசலம்னு ஒரு கரஸ்பாண்டன்ட். வாயத் தொறந்தா "தெரியும், தெரியும்"தான். அந்த வருஷம் ஒரு சட்டம் போட்டாரு: அவருக்குத் தெரியாத ஒண்ணச் சொல்லிக் குடுத்தாத்தான் சீட்டு. சொல்லிக் குடுக்கத் தெரிஞ்சவ எதுக்குய்யா ட்ரெய்னிங்குக்கு வாறா?

காலைல மொத பஸ்ஸப் புடிச்சு வந்த பொண்ணுங்க, அப்பா அம்மாவோட ஹால்ல உக்காந்திருந்தாங்க. ஒருத்தி எரிமலையப் பத்திச் சொன்னா. ஒருத்தி எறும்பப் பத்திச் சொன்னா. "தெரியும், போ"ன்னு எல்லாரையும் வெரட்டிட்டாரு.

அடுத்து இசக்கி எந்திரிச்சா.

"ஆடு மேய்க்கிற வீட்டுப் புள்ளதான? நீ எனக்கு என்னத்தச் சொல்லித் தரப்போற?"

"சின்ன விஷயந்தான் சார். இங்க பொம்பளைங்க கக்கூச காலைல இருந்து பூட்டி வச்சிருக்கு. நாங்க அத்தன பேரும் வயித்தப் புடிச்சிட்டு உக்காந்திருக்கோம். உங்களுக்குத் தெரியுமா?"

பழக்கதோஷத்துல "தெரி..."ன்னு ஆரம்பிச்சவரு ஹாலப் பாத்தாரு. அத்தன அப்பாவும் அவரையே மொறச்சிட்டிருந்தாங்க. ஒரு அம்மா குனிஞ்சு செருப்பக் கழட்டிட்டிருந்தாங்க.

"தெரியாதேம்மா."

"அப்ப தெரியாததச் சொல்லிக் குடுத்துட்டேன்ல?"

"சரி சரி, உனக்கு சீட்டு உண்டு. போய் உக்காரு."

"சீட்டு இருக்கட்டும் சார். உங்க தலைக்குப் பின்னால ஆணியில 'லேடீஸ்'னு எழுதி ஒரு சாவி தொங்குது. மொதல்ல அத எடுங்க."