இருபதடி பேனருக்கு ஏற்ற வண்டி

கஸ்பார் தண்டல் சொன்னதில் எவ்வளவு உண்மை என்று என்னைக் கேட்காதீர்கள். எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டவன் என்கிற முறையில்தான் எழுதுகிறேன். கேட்கும்போது எனக்குச் சந்தேகம் வந்ததா என்றால், வந்தது. ஆனால் எனக்குச் சந்தேகம் எதில்தான் வரவில்லை?

மழை விட்ட பிறகு எங்கள் வெள்ள நிவாரணக் குழு தூத்துக்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூடியிருந்தது. மேடையில், பெண்ணும் மாப்பிள்ளையும் உட்காரும் இடத்தில் அரிசிச் சிப்பங்களை அடுக்கியிருந்தோம். வெள்ளம் சுற்றி வளைத்திருந்த பக்கத்துக் கடலோரக் கிராமமான மணல்குடியில் இரண்டு நாளாக அடுப்பு எரியவில்லை. "சாயங்காலத்துக்குள் அரிசி வந்துவிடும்" என்று குழுவின் செயலாளராகிய நான் அவர்களுக்குப் போனில் வாக்குக் கொடுத்திருந்தேன்.

தடங்கல் வெளியிலிருந்து வரவில்லை. எதில் அனுப்புவது என்று முடிவு செய்வதற்கு முன்பே நாங்கள் பேனர் அடித்துவிட்டோம். இருபதடி நீளம். குழுவினர் எல்லோரும் கைகூப்பிச் சிரிக்கிற பேனர். எங்கள் பக்கம் பேனர் கட்டாமல் ஒரு நிவாரண வண்டி கிளம்பி நான் பார்த்ததில்லை. அதற்கான செலவு போக, வண்டிக்கென்று மிஞ்சிய பணத்தைப் பொருளாளர் மரகதவல்லி டீச்சர் தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்திருந்தார். பணம் வைத்த பிறகும் கூடு லேசாகத்தான் இருந்தது. ஆகவே வண்டி மலிவாக இருக்க வேண்டும், இருபதடி நீளமாகவும் இருக்க வேண்டும்.

"லாரிதான்," என்றார் பலவேசம். லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பவர். "பேனர் கச்சிதமா உக்காரும். பாலம் உடைஞ்சு கெடக்கு, நாலு ஊரு சுத்திப் போணும். டீசல் மட்டும் போட்டாப் போதும்."

"டீசலுக்கே பத்தாது," என்றார் டீச்சர், கூட்டைத் திறந்து பார்க்காமலே.

அப்போதுதான் கஸ்பார் தண்டல் தொண்டையைச் செருமினார். தண்டல் என்றால் தோணிக்குத் தலைவர். பாய்மரத் தோணியில் கொழும்புக்குச் சரக்கு கொண்டுபோன மனுஷன். இப்போது தோணி பழைய துறையில் சும்மா நிற்கிறது. இந்த அரிசி அந்தத் தோணியில்தான் போக வேண்டும், சுக்கானைத் தானே பிடிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. நேராகக் கேட்டிருக்கலாம். நேராகக் கேட்பது அவருக்குப் பழக்கமில்லை.

"லாரியா? லாரியில நான் நிவாரணம் கொண்டு போகாததா?" என்று ஆரம்பித்தார். "ஒரு புயல்ல தண்ணி வந்த வேகத்துக்குத் தார் ரோடு அப்படியே உரிஞ்சு, பாய் மாதிரி மிதக்குது. டிரைவர் அழுதுட்டான். 'அழாதடா, சுருட்டு'ன்னேன். தாண்டி வந்த ரோட்டைச் சுருட்டி லாரி மேல ஏத்துவோம். அதையே முன்னால கொண்டாந்து விரிப்போம். அதுமேல லாரி போகும். மறுபடியும் சுருட்டுவோம்."

"சுருட்டுறதுக்கு எந்த மெஷின்வே?" என்றார் பலவேசம்.

"மெஷின் எதுக்கு? நானும் கிளீனரும்தான். வளைவு வந்தாத்தான் பாடு. நேர் ரோடு சுருளும், வளைவு சுருளாது. அதை மட்டும் தோள்ல மாட்டிக்கிட்டு நடந்தேன்."

"அப்புறம் அந்த ரோட்டைத் திரும்ப அதே இடத்துல போட்டீரா, இல்ல வீட்டுக்குக் கொண்டுபோயிட்டீரா?"

"போட்டேன். அவசரத்துல மாத்திப் போட்டுட்டேன். இன்னிக்கும் அந்த ரோட்டுல ஒருத்தனும் வெளியூர் போக முடியலை. கிளம்புனவன் கிளம்புன வீட்டுக்கே போய்ச் சேருதான். அதனால சொல்லுதேன், லாரி வேண்டாம்."

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் முடிவெடுக்கத் தெரியாதவனுக்கு அடுத்தவர் பேச்சு மரத்தடி நிழல் மாதிரி. கொஞ்ச நேரம் ஒதுங்கலாம். "ரயில்ல அனுப்பினா மலிவா இருக்குமே?" என்று கேட்டுவிட்டேன்.

"கெட்டுது போங்க! ரயில்ல அனுப்பித்தானே நான் பட்டேன். ஒரு பெட்டியில அரிசி, அடுத்ததுல உளுந்து. நடுக்கதவு திறந்துக்கிட்டு. கூரையில ஓட்டை, மழைத்தண்ணி உள்ள. அந்தக் காலத்து ரயில் ஆட்டம் உங்களுக்குத் தெரியும். கோவில்பட்டி தாண்டும்போதே எல்லாம் மாவா அரைஞ்சிட்டு. சாத்தூர்ல சிக்னல் விழலை. நின்னுக்கிட்டே இருக்கோம். மாவு பொங்க ஆரம்பிச்சிட்டு."

"உப்புப் போடாமலா?" என்றார் டீச்சர்.

"தூத்துக்குடிக்காரனைப் பார்த்து உப்பு கேக்கலாமா டீச்சர்? மூணாவது பெட்டியே உப்புதான! பொங்குன பொங்குல பெட்டிங்க தண்டவாளத்தை விட்டு ஒரு பனை உசரம் எழும்பிட்டு. முன்னால ஆத்துல பாலத்தைக் காணோம். நமக்கென்ன? ரயில் மேலாப்புலயே போயிட்டு. இஞ்சின் நீராவியைப் பின்பக்கமாத் திருப்பிவிட்டேன். இறங்குற ஸ்டேஷன்ல இட்லியாத்தான் இறக்குனோம். ஒவ்வொண்ணும் மாட்டுவண்டிச் சக்கரம்."

"சட்னி?" என்றார் பலவேசம்.

தண்டலின் முகம் உண்மையாகவே வாடியது. "அதைத்தான் அந்த ஊர்க்காரங்களும் கேட்டாங்க. சட்னி இல்லாத இட்லியை நிவாரணமா ஏத்துக்க முடியாதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. வெறும் இட்லியோட எத்தனை ஸ்டேஷன் அலைஞ்சிருப்பேன்! ரயில் வேண்டாம் செயலாளரே."

"அப்போ ஹெலிகாப்டர்தான் பாக்கி," என்றார் டீச்சர். அவர் கேலியாகச் சொன்னார். தண்டலுக்குக் கேலி காதில் ஏறாது.

"வானத்துக்கு யாராவது வாடகை குடுப்பாங்களா டீச்சர்? கூழைக்கடா இருக்கே, அதோட தாடைப்பையில ரெண்டு படி அரிசி பிடிக்கும். நானூறு பறவையைக் கூலிக்கு அமர்த்துனேன். கூலி, ஆளுக்கு ஒரு கை நெத்திலி. வாய் நிறைய அரிசியை வாங்கிக்கிட்டு ஜோராக் கிளம்பிட்டு. பாதி வழியில பார்த்தா அத்தனையும் ஒரு குளத்துல இறங்கி உக்காந்துட்டு. என்னன்னு கேட்டா நெத்திலி வேண்டாமாம். சீலா மீன் குடுத்தாத்தான் பறக்குமாம்."

"பறவை வாயைத் திறந்து கேட்டுச்சாக்கும்?" என்றார் பலவேசம்.

"வாயைத் திறந்தா அரிசி கொட்டிருமேவே! எல்லாம் தலையாட்டித்தான் பேச்சுவார்த்தை. சரி, சீலா மீனே தாரேன்னு ஒத்துக்கிட்டேன். வந்த சந்தோஷத்துல நானூறும் ஒரே நேரத்துல வாயைத் திறந்துட்டு. போச்சு! அந்த வருஷம் குளம் பூரா நெல்லு முளைச்சுக் கெடந்துச்சு."

"அரிசி எங்கயாவது முளைக்குமா?"

"புழுங்கலரிசிதான் முளைக்காது. இது பச்சரிசி."

பலவேசம் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். அவருக்குக் கோபம் லாரி போனதிலா, பச்சரிசியிலா என்று தெரியவில்லை. எனக்கு அப்போது என்னைப் பற்றித்தான் கவலை. இந்த ஆள் புளுகுகிறார் என்று தெரிந்தே, அடுத்து என்ன சொல்வார் என்று நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தேன்.

"மிச்சம் என்ன? என் தோணிதான்," என்றார் தண்டல். "வாடகை கிடையாது. டீசல் கிடையாது. இந்தப் பேனரையே பாயா ஏத்திரலாம்."

"மணல்குடியில தண்ணி இடுப்பளவுதான நிக்கும். தோணி தரைதட்டிரும்," என்றார் டீச்சர்.

"என் தோணிக்குத் தண்ணியே வேண்டாம், ஈரம் போதும். ஒருக்க கடல் உள்வாங்கி, துறை காஞ்சு கெடந்துச்சு. என் துண்டை நனைச்சுக் கீழ பிழிஞ்சுவிட்டேன். கொழும்பு வரைக்கும் ஓடிட்டு. திரும்பி வரத்தான் துண்டை இன்னொருக்க நனைக்க வேண்டியதாப் போச்சு."

டீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டார். அதைத் தண்டல் பாராட்டாக எடுத்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாத ஒண்ணு சொல்லுதேன். ஒரு தீவே பட்டினி. அரிசி இங்க இருக்கு. ஏத்துகூலி, இறக்குகூலி எல்லாம் யோசிச்சேன். அரிசியை எதுக்கு ஊருக்குக் கொண்டுபோணும்? வெறும் தோணியோட போனேன். அங்க நின்ன பனையில கயித்தைக் கட்டினேன். தீவை இழுத்துட்டு வந்துட்டேன். ஆடு, கோழி, கோயில், அடகுக்கடை எல்லாம் வச்சது வச்ச மாதிரி. நம்ம துறையில கொண்டாந்து நிறுத்தி, 'இறங்கி வரிசையில நில்லுங்க'ன்னேன்."

"அந்தத் தீவு இப்ப எங்க இருக்கு?" என்று பலவேசம் பாய்ந்தார்.

"நீரு எதுமேல உக்காந்திருக்கீருன்னு நினைச்சீரு?"

பலவேசம் தன்னையறியாமல் காலைத் தூக்கிக்கொண்டார்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. "தோணியே இருக்கட்டும்," என்றேன். அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் பேனரைப் பாயாக ஏற்றினால் நீளவாக்கில் நிற்குமே, முகங்களெல்லாம் படுத்துக்கொள்ளுமே என்றார் பலவேசம். தலை எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று கேள்வி வந்தது. அடியில் வருகிற முகம் அலையில் நனையும், அது யாருடையது என்று அடுத்த கேள்வி. பலவேசத்தின் முகம்தான் ஓரத்தில் இருந்தது. அவர் முடியவே முடியாது என்றார். தண்டல் பாய்மரத்தையே படுக்கப் போட்டு ஓட்டுவதாகச் சொன்னார். வெயில் சாய்ந்து வாசல்படிக்கு வந்திருந்தது.

வாசலில் நிழல் விழுந்தது. பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். கழுத்து வரைக்கும் ஈரம், அதற்குமேல் வியர்வை. முன்னால் நின்ற பெண், "அரிசி குடுக்கிற இடம் இதுதானா?" என்றாள்.

"நீங்க யாரும்மா?"

"செல்லக்கனி. மணல்குடி."

தண்டல் எழுந்து எங்கள் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா? இன்னிக்குக் கயிறுகூடக் கட்டலை. உக்காந்த இடத்துல இருந்தே இழுத்துட்டேன்!"

"எப்படிம்மா வந்தீங்க?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"நடந்துதான். இடுப்பளவு தண்ணி. ஓடைப் பக்கம் மட்டும் கழுத்தளவு. இந்தா வரும் அந்தா வரும்னு பாத்தோம். புள்ளைங்க பசி தாங்கலை, கிளம்பிட்டோம்."

"அந்த வழியில லாரி வருமா?" என்று பலவேசம் கேட்டே விட்டார்.

"ஆளு வரும்," என்றாள் செல்லக்கனி. பிறகு தண்டலை மேலும் கீழும் பார்த்தாள். "இந்த அண்ணாச்சிதான் எங்களை இழுத்தாரா?"

"ஆமாம்மா," என்றார் டீச்சர் அவசரமாக.

"அப்போ கொண்டுவிடுறதும் அவருதான? குனிங்க அண்ணாச்சி."

தண்டல் குனிந்தார். ஒரு சிப்பம் அவர் தலையில் ஏறியது. அடுத்தது பலவேசத்துக்கு. டீச்சர் மூக்குக்கண்ணாடிக் கூட்டை இடுப்பில் செருகிக்கொண்டு தானாகவே வந்து நின்றார். என் தலையிலும் ஒன்று வைத்தார்கள். எதில் அனுப்புவது என்ற யோசனை அந்த நிமிஷமே தலையை விட்டு இறங்கிவிட்டது. இரண்டுக்கும் சேர்த்து அங்கே இடமில்லை.

ஊர் எல்லை தாண்டியதும் தண்ணீரில் இறங்கி வரிசையாக நடந்தோம். முழங்கால், இடுப்பு, மார்பு. சிப்பம் நனையாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் போன தண்டல், ஓடை நெருங்கியதும் மெல்ல ஆரம்பித்தார்.

"இதெல்லாம் ஒரு தண்ணியா? ஒருக்க வங்காள விரிகுடாவை நான் நடந்தே..."

"பேசாம நடங்க அண்ணாச்சி," என்றாள் செல்லக்கனி. "வாய்க்குள்ள தண்ணி போயிரும்."